சிவப்பு வெளுத்த ஸ்லைடு

உங்களில் பெரும்பாலோர் ஒளிரும் சாயத்தைக் கையால் தொட்டே இருக்க மாட்டீர்கள். இப்போது ஒரு பக்கம் சாம்பிளை வைத்தால் மறு பக்கம் எழுத்து எழுத்தாக வந்து விழுகிற எந்திரங்கள் வந்துவிட்டன. நல்லதுதான். எனக்கு அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதால், நான் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்கிறேன். எந்திரம் மாறினாலும் இந்தத் தவறு மாறாது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி ஸ்லைடு ஒன்றின் மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் நமக்கு முன்பே தெரிந்த ஒரு சின்ன டிஎன்ஏ துணுக்கு ஒட்டியிருக்கும். நோயாளியின் டிஎன்ஏவில் சிவப்பாக ஒளிரும் சாயத்தை ஏற்றி அதன் மேல் விட்டால், எந்தத் துணுக்கோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எங்கெங்கே ஒளிர்கிறது என்று பார்த்து, அவருடைய மரபணுவில் என்ன எழுத்து இருக்கிறது என்று படிப்போம். ஒப்பிடுவதற்காக, குறையில்லாத ஒரு டிஎன்ஏவில் பச்சைச் சாயம் ஏற்றி அதே ஸ்லைடில் கூடவே விடுவோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து விழுந்த புள்ளி திரையில் மஞ்சளாகத் தெரியும். அங்கே இருவருக்கும் ஒரே எழுத்து என்று அர்த்தம். பச்சை மட்டும் தெரிந்தால், அந்த எழுத்து நோயாளியிடம் இல்லை.

சென்னையில் இருபது வருஷம் இதைச் செய்துவிட்டு, விருத்தாசலத்தில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் சின்னதாக ஒரு ஆய்வுக்கூடம் தொடங்க வந்தேன். இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஒரு ஸ்கேனர், நான், ரெஹானா. ரெஹானா ஊர்ப் பெண், கடைத்தெருவில் அவளுடைய அப்பாவுக்கு ஸ்டேஷனரிக் கடை. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்திருந்தாள். எங்கள் வேலையில் பெரும்பகுதி தலசீமியா குடும்பங்களைப் பார்ப்பது. உடலில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய் அது. வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க.

செல்வி, முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். முருகன் ஊருக்கு வெளியே இருக்கிற பீங்கான் பட்டறைகளில் ஒன்றில் பொம்மைக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போட்டு சூளை ஏற்றுகிறவர். அவர்களுடைய மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது. அவளுக்கு இந்த நோய் இருந்தது. ரத்தம் ஏற்ற எங்கள் மருத்துவமனைக்குத்தான் வருவாள். இப்போது செல்வி இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள்.

இந்த நோயோடு சம்பந்தப்பட்ட மரபணு நம் எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும். செல்விக்கும் முருகனுக்கும் ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை. அதனால் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. குழந்தைக்கு ஒரு பிரதி மட்டும் பிழையாக வந்தால் அதுவும் அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருக்கும். இரண்டும் பிழையாக வந்தால் அக்காவைப் போல. எது என்று தெரிந்தால்தான் கருவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்ய முடியும். நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதையை எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். பாதியை நாங்கள் வைத்துக்கொண்டோம். வேறொரு முறையில் சரிபார்க்க மீதியைச் சென்னைக்கு அனுப்பினோம். அதை வைத்திருந்த குழாய் வழியில் கசிந்து காலியாகப் போய்ச் சேர்ந்தது. அன்றே நான் நிதானித்திருக்க வேண்டும். நம்மிடம்தான் பாதி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் ஸ்லைடைக் கழுவி உலர்த்த வேண்டிய நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. வந்தபோது மணி ஒன்று. ரெஹானா கழுவினாள், நான் ஸ்கேன் செய்தேன். சரியான எழுத்துக்கான புள்ளியில் பச்சை மட்டும் பளிச்சென்று இருந்தது. சிவப்பு, இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கல். பிழையான எழுத்துக்கான புள்ளியில் லேசாகச் சிவப்பு. கணிப்பொறி தன் கணக்கைப் போட்டு, இரண்டு பிரதியிலும் பிழை என்று எழுதியது.

இங்கேதான் என் தவறு. இரண்டு பிரதியும் பிழையாக இருந்திருந்தால் பிழைக்கான புள்ளியில் சிவப்பு எரிகிற மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அது ஏன் லேசாக மட்டும் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மூத்த பெண்ணின் ஸ்லைடையும் நான்தான் படித்திருந்தேன். அக்காவுக்கு வந்ததே இதற்கும் வந்துவிட்டது என்று மனம் முன்னாலேயே முடிவு கட்டிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் என் தலைவர் எந்த சாம்பிளையும் ஒரு ஸ்லைடோடு விட மாட்டார். இரண்டாவது ஸ்லைடில் சாயத்தை மாற்றி, நோயாளிக்குப் பச்சை, ஒப்பீட்டுக்குச் சிவப்பு என்று போட்டுப் பார்க்கச் சொல்வார். முடிவு உண்மை என்றால் நிறங்கள் இடம் மாறி அதே பதிலைச் சொல்லும். சாயத்தின் கோளாறு என்றால் மாட்டிக்கொள்ளும். விருத்தாசலத்துக்கு வந்த பிறகு, ஸ்லைடுகள் வந்து சேரத் தாமதமாகிறது என்று காரணம் சொல்லி அந்த வழக்கத்தை நானேதான் நிறுத்தியிருந்தேன்.

கீழே பிரசவ டாக்டர் காத்திருந்தார். ஃபோனில் சொன்னேன்.

"உறுதியா?" என்று கேட்டார்.

"உறுதிதான்."

அவர் அன்று மாலையே செல்வியிடம் சொல்லிவிட்டார். கருவைக் கலைக்கத் திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகும்படி தேதியும் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை என்னைக் கீழே கூப்பிட்டார்கள். முருகன் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரின் மேஜைக்கு எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகன் தாளை வாங்கி வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இதுல எதுங்க எங்க புள்ள?"

"செவப்பா தெரியறது உங்க புள்ளையோடதுங்க. பச்சை, ஒப்பிட்டுப் பாக்க நாங்க போட்டது."

"இந்தப் புள்ளியில செவப்பு இல்லாம இருக்குது. அதனாலதான் நோவுன்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"அது மொதல்லேர்ந்தே இல்லீங்களா? இல்ல, இருந்து போயிட்டுதா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னேன்.

"எங்க சூளையில பச்ச, நீலம்லாம் நின்னுக்கும்ங்க. செவப்புதான் மொதல்ல ஓடிப்போவும். பொம்மய வெளிய எடுத்தா ஒதடு வெள்ளையா இருக்கும். புதுசா வர்ற சூப்பர்வைசரு, ஒதட்டுக்கு கலரே வெக்கலன்னு திட்டுவாரு. வெச்சிருப்போம். உள்ள போயி ஓடியிருக்கும். அதான் கேக்கறேன்."

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "முருகன், இது பெயிண்ட் மாதிரி இல்லைப்பா. மேடம் இதுலயே ரொம்ப வருஷம் இருக்காங்க."

நானும் தலையாட்டப் போனேன். பாதி ஆட்டியும்விட்டேன். அப்போதுதான் அவர் கேட்டது காதில் முழுதாக விழுந்தது. எங்கள் இரண்டு சாயங்களில் சிவப்புதான் பலவீனமானது. காற்றில் ஓசோன் கொஞ்சம் கூடினால் பச்சை அப்படியே நிற்கும், சிவப்பு வெளுத்துப்போகும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். படத்தில் சிவப்பு மங்கலாக இருந்ததைப் பார்த்தபோது அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

"டாக்டர், எனக்கு ஞாயித்துக்கெழமை வரைக்கும் டைம் வேணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நேத்து உறுதின்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப உறுதி இல்ல."

நோயாளி முன்னால் அப்படிச் சொல்வது சுலபமில்லை. ஆனால் டாக்டரை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தால் அவர்களிடம் இன்னும் ஒரு நாள் பொய்யோடு இருந்திருப்போம். செல்வி அப்போதுதான் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

மேலே போய் அதே ஸ்லைடை மறுபடி ஸ்கேன் செய்தேன். பச்சை நேற்றைப் போலவே இருந்தது. சிவப்பு நேற்றைவிடக் குறைந்திருந்தது. ஸ்கேனரின் ஒளியே சாயத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்யும், ஆனால் இவ்வளவு செய்யாது. முழு ஸ்லைடையும் திரையில் விரித்துப் பார்த்தேன். நேற்று எண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். ஒரு ஓரம் முழுக்க வெளிறிக் கிடந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் சோதனைப் புள்ளிகள் மறு ஓரத்தில் இருந்தன. அவை நன்றாக ஒளிர்ந்தன. அதனால்தான் கணிப்பொறிக்குச் சந்தேகம் வரவில்லை. எங்களுக்கு வேண்டிய புள்ளிகள் இந்த ஓரத்தில்.

அப்படியானால் குழந்தைக்கு ஒரு பிரதிதான் பிழையோ? சரியான புள்ளியில் பாதிச் சிவப்பு இருந்து, அது வெளுத்து இல்லாததுபோல ஆகியிருக்கலாம். பிழையான புள்ளியில் இருந்த பாதியும் வெளுத்து லேசாகியிருக்கலாம். இருக்கலாம். அதற்கு மேல் அந்த ஸ்லைடிலிருந்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு பிரதியும் பிழை என்றும் சொல்ல முடியாது, ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது.

கருவின் டிஎன்ஏ இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டும் அளவுக்கு மிச்சம் இருந்தது. கை பரபரத்தது. உடனே எடுத்துச் சாயம் ஏற்றி இன்றைக்கே போட்டுவிட்டால் நாளைக் காலை பதில் கிடைத்துவிடும். டாக்டரும் இரண்டு தடவை ஃபோன் செய்து அதையேதான் சொன்னார்.

சென்னையில் இருந்த என் பழைய தலைவரைக் கூப்பிட்டேன். அவர் அதிகம் பேசாத மனுஷி. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு ஸ்லைடுக்கு."

"அதைத் தொடாதே. ஃப்ரீஸரைப் பூட்டு. சாவியை அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துடு. எதனால வெளுக்குதுன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் நீ கேட்டாலும் தரக்கூடாதுன்னு சொல்லு."

அவ்வளவுதான். சிவப்பை வெளுக்கச் செய்தது எதுவோ அது இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. அது தெரியாமல் கடைசிச் சொட்டையும் செலவழித்துவிட்டு, மறுபடி வெளுத்துப்போனால், செல்வியின் வயிற்றில் இன்னொரு முறை ஊசி போட வேண்டும். முதல் முறையே கருவுக்கு ஆபத்து உண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவசரம் என்று எல்லோரும் சொல்லும்போது நமக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கும். செய்யாமல் இருப்பதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சாவியை ரெஹானாவிடம் கொடுத்தபோது அவள் சிரிக்கவில்லை. சுடிதார் துப்பட்டாவின் நுனியில் முடிந்துகொண்டாள்.

"நீங்க கேட்டாலும் தரக்கூடாதா மேடம்?"

"நான் கேட்டா கண்டிப்பா தராதே."

அன்று மாலை பழைய ஸ்லைடு உறைகளையெல்லாம் எடுத்து, எப்போதிலிருந்து சிவப்பு குறைந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெஹானா உறைகளைக் கட்டாகக் கட்டி என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு ரப்பர் பேண்ட் அறுந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அறுந்தது.

"என்ன, எல்லாம் அறுந்துக்கிட்டே இருக்குது?" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

"ரெண்டு வாரமா இப்படித்தான் மேடம். தொட்டா பொட்டுன்னு போயிடுது. அத்தா கடையிலேர்ந்துதான் எடுத்தாந்தேன். பழைய சரக்க என் தலையில கட்டிட்டீங்கன்னு அவர்கிட்ட சண்டகூட போட்டேன். ஆனா அதே பாக்கெட்டு கடையில நல்லாத்தான் இருக்குது. இழுத்துக் காட்டுனாரு."

நான் கையில் இருந்த உறையைக் கீழே வைத்தேன்.

அதே பாக்கெட் கடையில் நன்றாக இருக்கிறது, இங்கே வந்ததும் வெடித்துப்போகிறது. இழுத்துக் கட்டிய ரப்பரை வெடிக்கச் செய்வதும் ஓசோன்தான். நான் தேடிக்கொண்டிருந்த பதிலை இரண்டு வாரமாக அந்தப் பெண் கூட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எங்கள் வேலை சம்பந்தப்பட்டது என்று அவளுக்குத் தோன்றவில்லை. என்னிடம் சொல்லலாம் என்று தோன்றும்படி நானும் நடந்துகொள்ளவில்லை. ரப்பர் பேண்டைப் பற்றியெல்லாம் மேடத்திடம் போய்ச் சொல்வதா என்று நினைத்தாளாம்.

"ரெண்டு வாரத்துல இந்தக் கட்டடத்துல புதுசா என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "கீழ தியேட்டர்ல கிருமி போக்கற மெஷினு வெச்சாங்களே. மத்தியானம் ஓடும். ஜன்னலத் தொறந்தா ஒரு மாதிரி வாசன வருது."

ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கும் நேரத்தில் காற்றைச் சுத்தப்படுத்த வைத்த எந்திரம் அது. ஓசோனை உண்டாக்கித்தான் அது கிருமியைக் கொல்லும். அந்தத் தியேட்டரின் எக்ஸாஸ்ட் ஃபேன், ஸ்லைடு உலர்த்துகிற எங்கள் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே திறக்கிறது. நாங்கள் பெரும்பாலும் காலையிலேயே கழுவி முடித்துவிடுவோம். புதன்கிழமை மின்சாரம் போனதால் மத்தியானம் ஆகிவிட்டது.

அதுதான் காரணம் என்று அந்த நிமிஷத்திலேயே எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. முந்தின நாளும் எனக்கு நிச்சயமாகத்தான் தோன்றியது. அதனால் வெள்ளிக்கிழமை முழுக்கச் சோதித்தோம். ஒப்பீட்டுக்கு வைத்திருந்த டிஎன்ஏவில் சிவப்புச் சாயம் ஏற்றி வியாழக்கிழமை ராத்திரியே மூன்று ஸ்லைடு போட்டுவைத்திருந்தோம். ஒன்றைக் காலையில் உலர்த்தும் அறையில் வைத்தோம். ஒன்றை மத்தியானம் அதே அறையில் வைத்தோம். ஒன்றை மத்தியானமே, ஆனால் கட்டடத்தின் அந்தப் பக்கம் இருக்கிற மருந்து ஸ்டோரில் வைத்தோம். காலையில் வைத்தது அப்படியே இருந்தது. ஸ்டோரில் வைத்ததும் அப்படியே இருந்தது. மத்தியானம் எங்கள் அறையில் வைத்தது, ஜன்னல் பக்கத்து ஓரத்தில் வெளிறியிருந்தது.

எந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறோம் என்றார்கள். கமிட்டி கூடுவதற்குள் குழந்தை பிறந்துவிடும். நேராகத் தியேட்டர் பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் போய், இருந்ததை இருந்தபடி சொன்னேன். நான் தப்பான ரிசல்ட் கொடுத்துவிட்டேன், சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அந்த மெஷின் ஓடக்கூடாது என்றேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் போய் ப்ளக்கைப் பிடுங்கினார். "சண்டே கேஸ் கெடையாது. ஃபினாயில் போட்டுத் தொடச்சிக்கறோம். நீங்க போய் வேலயப் பாருங்க" என்றார்.

சனிக்கிழமை காலை ரெஹானா முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். இந்த முறை கருவின் டிஎன்ஏவுக்குப் பச்சைச் சாயம், ஒப்பீட்டுக்குச் சிவப்பு. வெளுத்தாலும் ஒப்பீடுதான் வெளுக்கட்டும் என்று. சாயத்தை ஏற்றும்போது என் கை நடுங்கியது. நாற்பது வினாடி வேலை அது, பல்லாயிரம் தடவை செய்திருக்கிறேன். நிறுத்திவிட்டு, ரெஹானாவைச் செய்யச் சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. கை நடுங்கினால் பிப்பெட்டைக் கொடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஸ்லைடைக் கழுவி ஸ்கேனரில் வைத்தோம். எண்களைப் பார்க்கும் முன் படத்தைப் பார்த்தேன். நான்கு ஓரமும் ஒரே சீராக இருந்தது. சரியான எழுத்துக்கான புள்ளியில் குழந்தையின் பச்சை, பாதி அளவு. பிழையான எழுத்துக்கான புள்ளியிலும் பச்சை, பாதி அளவு. ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை. அம்மாவையும் அப்பாவையும் போல.

ரெஹானாவைத் தனியாக உட்காரவைத்து, நான் என்ன படித்தேன் என்று சொல்லாமல் அவளைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே எழுதினாள்.

ரிப்போர்ட்டின் முதல் வரியில், முன்பு கொடுத்த முடிவு தவறு என்று எழுதினேன். மறுபரிசோதனையில் முடிவு மாறியுள்ளது என்று போட்டுக்கொள்ளலாமே என்று டாக்டர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. மருத்துவமனையின் பெயரை நினைத்துச் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கிறவர்களுக்கு முடிவு தானாகவே மாறிக்கொண்டதுபோல இருக்கும். தவறு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மெஷின் வந்த நாளிலிருந்து நாங்கள் பார்த்த ஸ்லைடுகளில் இன்னும் இரண்டு மத்தியானத்தில் கழுவப்பட்டவை. அந்த இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு, காரணத்தைச் சொல்லி, மறுபடி ரத்தம் வாங்கிப் பார்த்தோம். பதில் மாறவில்லை. மாறவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு தவறு கண்ணில் பட்டால் அது தனியாக வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் வரை வேலை முடியவில்லை.

மத்தியானம் செல்வியும் முருகனும் வந்தார்கள். டாக்டரோடு நானும் இருந்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எப்படி வெளுத்தது, நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்று எல்லாம் சொன்னேன். குழந்தைக்கு நோய் இல்லை, உங்களைப் போலத்தான் இருக்கும் என்றேன். முருகன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய தோள் குலுங்கியது.

செல்வி அழவில்லை.

"புதங்கெழம சாயங்காலத்துலேர்ந்து நான் வயித்துல கையே வெக்கலங்க" என்றாள். "போவப் போறதுதானேன்னு. நாலு நாளு. சாப்பிட்டாகூட எனக்குத்தான்னு நெனச்சு சாப்பிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு டாக்டரம்மா போன்ல உறுதியான்னு கேட்டப்ப, நீங்க ஒடனே உறுதின்னு சொன்னீங்களாமே. இன்னிக்கும் ஒடனேதான் சொல்றீங்க. எனக்கு எப்படிங்க வித்தியாசம் தெரியும்?"

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சென்னையில் வேறு இடத்தில், வேறு முறையில், என் பெயரே தெரியாமல் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். திங்கட்கிழமை அட்மிட் ஆகும் தேதியை டாக்டர் அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம். ஸ்லைடு சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நூறு தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். ஆனாலும் மூத்த பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற செல்வி வருகிற நாட்களில், வயிறு பெரிதாகிக்கொண்டே வருவதை மாடிப்படியிலிருந்து பார்ப்பேன். கீழே இறங்கிப் பேச மாட்டேன். அவளும் மேலே பார்க்க மாட்டாள். என் வார்த்தையை நம்பி அவள் அந்தக் குழந்தையைச் சுமந்தாளா, நம்பாமலேயே சுமந்தாளா என்று எனக்குத் தெரியாது. நம்பாமல் என்றுதான் நினைக்கிறேன். அது இன்னும் கஷ்டம்.

அந்த மாதங்களில் கூடத்தில் சிலவற்றை மாற்றினேன். சாயம் மாற்றிப் போடாமல் எந்த முடிவும் வெளியே போகவில்லை. ஸ்லைடு இல்லை என்றால் ஸ்லைடு வரும் வரை காத்திருந்தோம். ஃபோனில் முடிவு சொல்வதை நிறுத்தினோம். ஜன்னலை அடைத்தோம். பிறகு கமிட்டியும் கூடி, எக்ஸாஸ்டை வேறு பக்கம் திருப்பியது. இவையெல்லாம் விதிகள், உங்களுக்கும் கையேட்டில் இருக்கும். கையேட்டில் எழுத முடியாத ஒன்றையும் செய்தேன். தினமும் டீ குடிக்கும்போது ரெஹானாவிடம், இன்றைக்கு இங்கே எது வழக்கம்போல இல்லை என்று கேட்பேன். முதல் வாரம் ஒன்றுமில்லை மேடம் என்றே சொன்னாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். குழாயில் தண்ணீர் கலங்கி வருகிறது, ஃப்ரிட்ஜ் சத்தம் மாறியிருக்கிறது, புது டப்பாவின் மூடி தளர்வாக இருக்கிறது. பத்தில் ஒன்பது ஒன்றுமில்லாத விஷயம்தான். அந்த ஒன்பதையும் முகம் சுளிக்காமல் கேட்டால்தான் பத்தாவது உங்களிடம் வரும். எனக்கு அது எளிதாக வரவில்லை. சுளித்த நாட்களும் உண்டு.

பிரசவத்துக்கு செல்வி வேப்பூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தொப்புள்கொடி ரத்தம் சென்னைக்குப் போய், பதில் பத்து நாளில் வந்தது. ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை. ரெஹானா ஃபோன் செய்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஹைவேயிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. முருகன் வேலைக்குப் போயிருந்தார். செல்வி வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். குழந்தை அவள் தோளில் இருந்தது. நான் வேறு எதுவும் பேசாமல் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"படிச்சு சொல்லுங்க" என்றாள்.

படித்தேன். யார் பார்த்தது, எந்த ஊரில் பார்த்தது, என்ன முறையில் பார்த்தது, எல்லாவற்றையும் வரிக்கு வரி படித்தேன். கேட்டுக்கொண்டாள்.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு அவரு அந்தக் கேள்விய கேக்காம இருந்திருந்தா?"

இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கு நம்மிடம் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன. எப்படியும் கண்டுபிடித்திருப்போம், இன்னொரு சோதனை இருந்திருக்கும், வழிமுறைகள் இருக்கின்றன என்றெல்லாம். அதில் எதுவும் உண்மை இல்லை.

"கண்டுபிடிச்சிருக்க மாட்டேங்க" என்றேன். "திங்கட்கெழம நீங்க அட்மிட் ஆயிருப்பீங்க."

செல்வி குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.